மேப்பிள் விரற்பலகைக்கு எண்ணெய் பூசலாமா? கித்தார் பராமரிப்புக் கேள்வி பதில்

சாட்ஸ்வொர்த், டர்பன்: ஐயா, என் பழைய கித்தாரில் கம்பிகளை விரலால் அழுத்தி வாசிக்கும் ரோஸ்வுட் மர விரற்பலகைக்கு எலுமிச்சை எண்ணெய் பூசி வருகிறேன். புதிதாக வாங்கிய மேப்பிள் கித்தாருக்கும் பூசலாமா?

பூச வேண்டாம், தம்பி. ரோஸ்வுட், எபனி ஆகிய மரங்கள் பெரும்பாலும் மேற்பூச்சின்றியே விரற்பலகையாகின்றன; ஆகவே வறண்டுபோகும்போது சிறிது எண்ணெயை உறிஞ்சிக்கொள்கின்றன. மேப்பிளோ வெளிர்நிற மரம். வியர்வை பட்டால் விரைவில் கறுத்துவிடும் என்பதால், தயாரிக்கும்போதே லாக்கரோ பாலியூரித்தேனோ பூசி அதன் மேற்பரப்பை மூடிவிடுகிறார்கள். எண்ணெய் அந்தப் பூச்சைக் கடந்து மரத்துக்குள் இறங்காது. மேலேயே பிசுபிசுப்பாகத் தங்கித் தூசியைச் சேர்க்கும். நீங்கள் துடைப்பது மரத்தை அன்று, பூச்சை என்று நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பீனிக்ஸ், டர்பன்: கோவில் மண்டபத்தில் பஜனைக்கு வாசிக்கிறேன். கோடைப் புழுக்கத்தில் விரற்பலகை முழுவதும் ஒட்டுகிறது. எப்படித் துடைப்பது?

கடற்கரை ஊரின் புழுக்கத்தில் இது இயல்பே. கம்பிகளைக் கழற்றிவிட்டு, மெல்லிய பருத்தித் துணியை நீரில் நனைத்து, சொட்டு நீரும் இல்லாதபடி பிழிந்து துடையுங்கள். உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். விரற்பலகையின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளின் ஓரத்தில் படிந்த அழுக்கை மரத்தாலான பல்குச்சியால் மெதுவாகத் தள்ளி எடுக்கலாம். கத்தி முனை பூச்சைக் கீறிவிடும். நீருக்குப் போகாத பிசுக்கு இருந்தால் மட்டும், லைட்டரில் ஊற்றும் நாப்தாவைத் துணியில் சிறிதளவு தொட்டுத் துடைக்கலாம். அது எளிதில் தீப்பற்றும்; ஆகவே விளக்கு, கற்பூரம், அடுப்பு எதுவும் அருகில் இல்லாத, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் ஆகியவற்றை நெருங்கவிடாதீர்கள்: ஆல்கஹால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரை இளக்கிவிடும். எல்லாவற்றையும்விட, வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிடும் பழக்கமே கம்பிகளையும் பூச்சையும் நெடுநாள் காக்கும்.

டொங்காட்: ஸ்டீல் வூலால் ஃபிரெட்டுகளைப் பளபளப்பாக்கலாமா?

விரற்பலகையை ஒட்டுநாடாவால் மூடாமல் செய்தால் பளபளப்பான பூச்சு மங்கிவிடும். மின்கித்தாரில், உதிரும் இரும்புத் துகள்கள் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக்கும் பகுதி) காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பிக்கப்பையும் மூட வேண்டும்.

லெனேசியா, ஜொகானஸ்பர்க்: அப்பாவின் பழைய கித்தாரில் பூச்சு தேய்ந்து சாம்பல் நிறத் திட்டுகள் விழுந்திருக்கின்றன. குளிர்காலத்தில் ஃபிரெட் முனைகளும் கையைக் கீறுகின்றன. என்ன செய்யலாம்?

அம்மா, இவை இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். திட்டுகள், பூச்சு போன இடத்தில் மரம் உறிஞ்சிய வியர்வையும் அழுக்குமே. ஃபெண்டர் நிறுவனத்தின் 1950களின் கித்தார்களில் மேப்பிள் கழுத்துகள் பலவற்றிலும் இதைக் காணலாம். தேய்த்து அகற்ற முயன்றால் மரமே குறையும். வாசிப்பதற்கு இடையூறு இல்லையென்றால் அப்படியே விடுங்கள் என்பதே என் கருத்து. அப்பாவின் விரல் பட்ட தடம் அது. பூச்சு உரிந்துகொண்டே போனால், கித்தார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து மறுபூச்சு இடலாம்.

ஃபிரெட் முனைகளுக்குக் காரணம் உங்கள் ஊரின் வறண்ட குளிர்காலம். ஈரப்பதம் குறையும்போது மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது. அதனால் முனைகள் வெளியே துருத்துகின்றன. பூச்சு இதைத் தாமதப்படுத்துமே தவிர, தடுக்காது. கித்தாரைப் பெட்டியில் ஈரப்பதமூட்டியுடன் வைத்து, ஈரப்பதத்தை 45 முதல் 55 விழுக்காடு வரை பேணுங்கள். அவசரப்பட்டு அரம் போட வேண்டாம். மழைக்காலம் வந்த பின்னும் முனைகள் உறுத்தினால் மட்டும் அராவச் சொல்லுங்கள்.