முதல் ரேஸிங் ட்ரோன்: மோட்டாரை அப்புறம் வாங்கலாம்

கேள்வி: பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 5 இன்ச் ரேஸிங் ட்ரோன் ஒன்றை நானே கட்டப்போகிறேன். சேர்த்துவைத்த பணத்தில் 2450 கேவி மோட்டார் நான்கு ஆர்டர் போட இருக்கிறேன், நண்பன் தன்னுடைய 6எஸ் பேட்டரியைத் தருவதாகச் சொல்கிறான். சரியாக வருமா? வேறு என்னென்ன வேண்டும்?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: வராது தம்பி, ஆர்டரை நிறுத்திவையுங்கள். கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் சுமையில்லாமல் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்ற கணக்கு. 6எஸ் பேட்டரியில் ஆறு செல், முழு சார்ஜில் செல்லுக்கு 4.2 வோல்ட், மொத்தம் 25.2. அதை 2450ஆல் பெருக்கிப் பாருங்கள், 61,740 வருகிறது. 5 இன்ச் ப்ரொப்பெல்லரை மாட்டி அந்த வேகத்துக்கு விரட்டினால் மோட்டாரும் இஎஸ்சியும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை) சூடேறிக் கருகிவிடும். நீங்கள் பார்த்துவைத்திருப்பது 4எஸ்ஸுக்கான மோட்டார்.

அதனால்தான் கேட்பவர்களிடமெல்லாம் முதலில் பேட்டரியை முடிவு செய்யுங்கள் என்று சொல்கிறேன், மற்றதெல்லாம் அதன் பின்னால் தானாக வரும். உங்களுக்கு என் யோசனை: 2306 அல்லது 2207 அளவில், 1750 முதல் 1950 கேவிக்குள் மோட்டார் வாங்குங்கள் (2306 என்றால் உள்ளே இருக்கும் ஸ்டேட்டர் 23 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் உயரம், அவ்வளவுதான்), ஆரம்பத்தில் அதில் 4எஸ் 1500 எம்ஏஎச் பேட்டரி போட்டுப் பழகுங்கள். மெதுவாக, சொன்ன பேச்சைக் கேட்டுப் பறக்கும். கை பழகியதும் அதே ட்ரோனில் 6எஸ் போடலாம், ஒரு உதிரிபாகமும் வீணாகாது. வாங்கும்போது எல்லா சர்க்யூட் பலகையும் 6எஸ் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிளைட் கன்ட்ரோலரையும் (ட்ரோனின் மூளை) 4-இன்-1 இஎஸ்சியையும் (நான்கு மோட்டாருக்கும் ஒரே பலகை) ஒரே நிறுவனத்தின் ஸ்டாக்காக, அதாவது ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் ஜோடியாக வாங்குங்கள். எஃப்405 அல்லது எஃப்722 சிப், 45 ஆம்பியர் இஎஸ்சி போதும். இரண்டையும் வேறு வேறு இடத்தில் வாங்கினால் சில நூறு ரூபாய் மிச்சம் என்று நினைத்து நான் அப்படிச் செய்தேன். இரண்டுக்கும் நடுவே போகும் எட்டு கம்பி கேபிளில் பின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எனக்குப் பேட்டரி வோல்ட் சிக்னல் பின்னுக்குள் போய், ட்ரோனை அமைக்கும் பீட்டாஃபிளைட் மென்பொருளைத் திறந்து பார்ப்பதற்குள்ளேயே பலகை போய்விட்டது. அன்று ஒரு ஸ்மோக் ஸ்டாப்பர் (ஷார்ட் ஆனால் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் சின்னக் கருவி, பேட்டரிக்கும் ட்ரோனுக்கும் நடுவே மாட்டுவது) மாட்டியிருந்தால் தப்பித்திருக்கலாம். முதல் தடவை பவர் கொடுக்கும்போது அது இல்லாமல் பேட்டரியைச் செருகவே செருகாதீர்கள், ப்ரொப்பெல்லரும் மாட்டியிருக்கக் கூடாது.

மோட்டார் ஸ்க்ரூவின் நீளத்தை அளந்து பாருங்கள். ஃபிரேமின் கை 5 மில்லிமீட்டர் தடிமன் என்றால் 8 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், கூடுதலாக இருந்தால் ஸ்க்ரூ முனை செம்புச் சுருளில் போய்க் குத்தும். அப்புறம் சோல்டரிங். எக்ஸ்டி60 (பேட்டரியைச் செருகும் கனெக்டர்) கம்பி உட்காரும் கிரவுண்ட் பேட் சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும், 25 வாட் அயர்ன் அங்கே எடுபடாது, ஈயம் உருண்டையாக மேலே நிற்கும், தொட்டால் பெயர்ந்து வரும். 60 வாட்டும் தடித்த முனையும் வேண்டும். அதே பேட்களில் ஒரு லோ-இஎஸ்ஆர் (உள்மின்தடை குறைந்த) கெபாசிட்டரையும் சேர்த்துப் பற்றவையுங்கள், மின்னழுத்தத் துள்ளலை அது தாங்கிக்கொள்ளும்.

ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற ரேடியோ முறை, வேறு யோசனையே வேண்டாம். வீடியோ முதலில் அனலாக்கே போதும், விழுந்து உடைந்தாலும் செலவு தாங்கும். உண்மையில் எல்லாவற்றுக்கும் முன்னால் ரிமோட்டை வாங்கி, கம்ப்யூட்டரில் செருகி சிமுலேட்டரில் ஒரு மாதம் ஓட்டுங்கள். முழு ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியில் தடை வந்தது, உதிரிபாகங்களுக்கு இல்லை, எனவே கட்டுவதே உங்களுக்கு நல்ல வழி.

கேள்வி: என் மகன் ட்ரோன் பேட்டரிகளை முழு சார்ஜில் கட்டிலுக்கு அடியில் வைக்கிறான். பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், ஈரோடு

பதில்: உங்கள் பயம் சரிதான் அம்மா. பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும், அவனுடைய சார்ஜரிலேயே ஸ்டோரேஜ் என்று ஒரு தேர்வு இருக்கும். 1300 எம்ஏஎச் பேட்டரிக்கு 1.3 ஆம்பியர் சார்ஜ் போதும். மெத்தை, துணி எதுவும் இல்லாத டைல்ஸ் தரையில், ஆள் விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் போடச் சொல்லுங்கள். வீங்கிய பேட்டரி இருந்தால் இன்றைக்கே வீட்டுக்கு வெளியே எடுத்து வைத்துவிடுங்கள், அதை மறுபடி சார்ஜ் போடக் கூடாது.