யாழினியா, ஆதிரையா? ஒன்றைப் பதியுங்கள், மற்றதைக் கூப்பிடுங்கள்

கேட்டவரின் நிலைமை சுருக்கமாக இது: பெண் குழந்தை பிறந்து மூன்று கிழமை. அவர் யாழ்ப்பாணம், கணவர் மட்டக்களப்பு, இருப்பது கொழும்பில். அவருக்கு யாழினி, கணவருக்கு ஆதிரை. இரண்டு பெயரும் இரண்டு பேருக்கும் பிடிக்கும், ஆனால் "யாழினி எண்டா அது உங்கட யாழ்ப்பாணத்துப் பெயர்" என்று கணவர் இழுக்கிறார். எதை வைப்பது?

பதிவில் யாழினி, வீட்டில் ஆதிரை. இதுதான் என் பதில். காரணம் கொஞ்சம் நீளமாக வரும், பிள்ளை நித்திரையாக இருக்கிற நேரம் பார்த்து வாசியுங்கள் தங்கச்சி.

முதலில் அந்த யாழ்ப்பாணக் கதையை முடித்துவிடுவோம். யாழை ஆராய்ந்து 'யாழ் நூல்' எழுதிய சுவாமி விபுலானந்தர் யாழ்ப்பாணத்தவர் இல்லை, காரைதீவுக்காரர், முழுக்கக் கிழக்கு மண். 1947இல் அந்த நூல் வெளிவந்தது, அதே வருடம் அவர் காலமானார். மீன் பாடுகிற தேனாடான மட்டக்களப்பில் பிறந்துவிட்டு யாழை மட்டும் எங்கள் பக்கம் தள்ளிவிடுவது நியாயமா என்று கணவரிடம் கேளுங்கள். ஆதிரையோ, மணிமேகலையில் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள். அந்தப் பாத்திரம் கிடைத்த மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்று இங்கே எல்லோரும் சொல்வோம். ஆக, ஊர் பார்த்துப் பெயர் வைப்பதென்றால் நீங்கள் இரண்டு பேரும் பெயரை மாற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

அடுத்தது நட்சத்திர எழுத்து. 31ஆம் நாள் ஐயர் வந்து துடக்கு, அதாவது பிறப்புத் தீட்டு, கழிக்கும்போது எழுத்துக் கதை கட்டாயம் வரும். எங்கள் மகளுக்கு ஆயில்யம். ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. ட-வில் தமிழ்ச்சொல் தொடங்காது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அன்றைக்குத்தான் மனதாரப் புரிந்துகொண்டேன். ஐயரே சிரித்துவிட்டு, காதில் ஒரு பெயரைச் சொல்லுங்கோ, கூப்பிடுகிறதை விருப்பம்போல் கூப்பிடுங்கோ என்று சொல்லிவிட்டார். எழுத்து நட்சத்திரத்தின் காற்பங்கான பாதத்துக்குப் பாதம் மாறும், ஒரு பாதம் கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலம், வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் நேரம் வித்தியாசப்படும், அதனால் இரண்டு ஐயரைக் கேட்டால் இரண்டு எழுத்து வர இடமிருக்கிறது. ஆனால் உங்கள் விஷயத்தில் நட்சத்திரம் வேறு வழியாக வந்து நிற்கும். பிள்ளை திருவாதிரையில் பிறந்திருந்தால் ஆதிரை என்ற பெயருக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்படி இல்லையென்றால் கலியாண வீட்டுக்குக் கலியாண வீடு யாராவது ஒரு மாமி, "என்ன நட்சத்திரம் பிள்ளை? உத்தரமோ? பிறகேன் ஆதிரை?" என்று கேட்டுக்கொண்டே இருப்பா. பெரிய குறை இல்லை, ஆனால் பதில் சொல்லப் போவது அந்தப் பிள்ளை.

எண்சாத்திரத்தை நான் நம்புவதில்லை. உங்கள் வீட்டில் யாராவது நம்பினால் அவர்களைச் சமாளிக்க மட்டும் இது. இங்கே கூட்டுகிற முறையில் யாழினியை ஆங்கிலத்தில் 'எல்' போட்டு எழுதினால் 12, 'ஸெட்-எச்' போட்டு எழுதினால் 21, எப்படிப் போட்டாலும் கடைசியில் 3தான். ஆதிரையை ஒரே 'ஏ'யில் தொடங்கினால் நடுவில் 'ரி-எச்' போட்டாலும் 'டி-எச்' போட்டாலும் 15. எழுத்தை மாற்றச் சொல்லிக் காசு கேட்டால் இதைக் காட்டுங்கள்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். கொழும்பில் ஒரு தமிழ்ப் பெயர் மூன்று மொழியின் எழுத்துகளில் வாழ வேண்டும். தமிழில் நாங்கள் ஆசையாக வைக்கிறோம், ஆனால் கிளினிக் அட்டையிலும் அடையாள அட்டையிலும் பாஸ்போட்டிலும் அது சிங்களமாகவும் ஆங்கிலமாகவும் மாறித்தான் திரும்பி வரும். இதை நான் நேரில் கண்டது மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்த அன்றைக்கு. நல்ல மனுசி. பிள்ளையை நிறுத்துப் பார்த்துவிட்டு, தொப்புளைப் பார்த்துவிட்டு, கொப்பியைத் திறந்து "பபாகே நம மொகத்த?" என்றா, பிள்ளைக்கு என்ன பெயர் என்று. அதுவரைக்கும் அட்டையில் 'பேபி ஒஃப்' போட்டு என் பெயர்தான் இருந்தது. கயல்விழி என்றேன். பேனையைத் தூக்கிப் பிடித்தபடி ஒருதரம் என் வாயைப் பார்த்தா. "கயல்..." என்று வந்தா, நின்றா, "விலி?" என்று கேட்டா. நான் ஓம் என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வது? சிங்களத்தில் ழ இல்லை, ள என்ற எழுத்து இருந்தாலும் பேச்சில் அதுவும் ல மாதிரித்தான். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரயிலையே அவர்கள் யால்தேவி என்றுதான் சொல்லுகிறார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை, எங்கள் ஆட்களில் பாதிப்பேர் வாளைப்பளம்தானே சாப்பிடுகிறோம். உண்மையாகக் கேட்கிறேன், உங்கள் அம்மா யாழினி என்பாவா, யாளினி என்பாவா?

அப்படியென்றால் யாழினி வேண்டாம் என்றுதானே நான் சொல்ல வேண்டும்? இல்லை. ழ போனாலும் அந்தப் பெயர் உடையாது, யாலினி என்று சொன்னாலும் கேட்பவருக்கு ஆள் யாரென்று தெரியும். ஆங்கிலத்தில் ஆறெழுத்து, நாலு பேரிடம் சொன்னால் நாலு பேரும் ஒரே மாதிரி எழுதுவார்கள். 'எல்' மட்டும் போடுங்கள், அதுதான் இலங்கையில் எங்கள் வழக்கம். இந்தியாவில் எழுதுவதுபோல் 'ஸெட்-எச்' போட ஆசை வரும், இன்டர்நெற்றில் பார்க்க வடிவாகவும் இருக்கும், ஆனால் இங்கே வகுப்பில் மிஸ் அதை யாஸினி என்று வாசிப்பா, பிள்ளை கை தூக்காது.

ஆதிரையில் சிக்கல் வேறு. சொல்வதற்கு இலகு, எழுதுவதற்குத்தான் ஆளுக்கொரு விதம். முதல் எழுத்துக்கு ஒரு 'ஏ'யா இரண்டு 'ஏ'யா, நடுவில் 'ரி-எச்'சா 'டி-எச்'சா, இதிலேயே நாலு எழுத்துக்கூட்டல் வந்துவிட்டது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, மொழிபெயர்ப்பாளர் போட்டது இன்னொன்று என்று போனால் பின்னால் விசாவுக்கு நிற்கும்போது 'இரண்டும் ஒருவரே' என்று சத்தியக்கடதாசி முடிக்க வேண்டி வரும். என் மச்சாளின் பிள்ளை ஒரு 'எச்' எழுத்துக்காக அதைச் செய்தது. ஆங்கிலத்தில் பெயர் 'ஏ'யில் தொடங்குவதற்கும் ஒரு விலை இருக்கிறது: வாய்மொழிப் பரீட்சை, தடுப்பூசி, எல்லாவற்றுக்கும் இடாப்பு வரிசையில் முதலாவதாகப் போக வேண்டும். நான் 'ஏ'க்காரி, தெரியும்.

இரண்டையும் சேர்த்து 'யாழினி ஆதிரை' என்று பதிந்துவிடலாமே என்று யாராவது சொல்லுவார்கள். எங்கள் வைபர் குரூப்பில் லண்டன் சித்தி சொன்னா. செய்யாதீர்கள். தகப்பன் பெயரும் கூட வரும் என்பதை மறந்துவிட்டுச் சொல்கிற யோசனை அது. பாலசுப்பிரமணியம் மாதிரி ஒரு பெயர் என்றால் ஆங்கிலத்தில் அதற்கே 15 எழுத்து, அதற்கு முன்னால் இரண்டு பெயர் போட்டால் எந்தப் படிவத்தில் கொள்ளும்? போதாததற்கு வெளிநாட்டுப் படிவங்களில் எது பெயர், எது குடும்பப் பெயர் என்று ஒரு குழப்பம், ஆதிரையைக் குடும்பப் பெயராக்கிவிட்டு வருவார்கள். குரூப்பில் வாக்கெடுப்பும் வேண்டாம். தோற்ற பெயருக்குக் கையுயர்த்தியவர்கள் பிள்ளைக்குப் பத்து வயது வரும்வரைக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

வீட்டுப் பெயர் என்ற ஒன்று எங்களிடம் இருக்கிறது, அதை வடிவாகப் பாவியுங்கள். எங்கள் வீட்டில் கயல்விழி என் கணவர் கேட்ட பெயர், நான் கேட்டது நிலா. பதிவு அவருடைய விருப்பப்படி நடந்தது, கூப்பிடுவது என் விருப்பப்படி. மகள் இப்போது தரம் 4. மாடியில் நின்று கீழே விளையாடுகிற பிள்ளையைக் கூப்பிட்டாலும் நிலா, அம்மம்மா ஃபோனில் கேட்டாலும் நிலா, அவர்கூட நிலாதான். கயல்விழி என்ற பெயர் வீட்டுக்குள் கேட்பது கணக்குக் கொப்பியில் சிவப்புக் கோடு வந்த அன்றைக்கு மட்டும். பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகள் கயல் என்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று பெயர், அவளுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், யாழினி பதிவுக்குப் போவதால் கணவர் தோற்றுப்போவதில்லை. உண்மையில் விட்டுக்கொடுப்பது நீங்கள். ஒரு நாளைக்கு அம்பது தரம் வாயில் வரப்போவது ஆதிரை. அதற்கு உங்களுக்குச் சம்மதமா என்று மட்டும் உங்களையே கேட்டுப் பாருங்கள். இரண்டு நாள் வீட்டில் எல்லோரும் ஆதிரை என்றே கூப்பிட்டுப் பார்க்கட்டும், உங்களுக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தால் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்குங்கள், பதிவில் ஆதிரை, வீட்டில் யாழினி. எழுத்துக்கூட்டலில் மட்டும் இரட்டைக் கவனம் எடுத்தால் அதுவும் ஓடும். ஆனால் ஆதிரையைச் சுருக்கி ஆதி என்று கூப்பிடத் தொடங்கினால் ஆம்பிளைப் பிள்ளையா என்று கேட்பார்கள், அதையும் யோசியுங்கள்.

நாள் கணக்கு: பதிவு பிறந்து 42 நாளுக்குள். 31 முடிந்த கையோடு போனால் சரியாக இருக்கும். மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு, அது வேறு படிவம், வேறு அலைச்சல். வீடு எங்கே என்பது கணக்கில்லை, பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரி எந்தப் பதிவாளர் பிரிவில் இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும். முடிவு வரவே இல்லையென்றால் பெயரில்லாமல் பதிந்துவிட்டுப் பிறகு சேர்க்கவும் சட்டத்தில் வழி உண்டு, ஆனால் அந்த வழிக்குப் போகாதீர்கள், பிறகு என்று தள்ளியது எங்கள் வீடுகளில் எப்போது நடந்திருக்கிறது? தமிழும் அரச கரும மொழிதான், தமிழில் பதியக் கேளுங்கள். ஆங்கில எழுத்தை வீட்டிலேயே பெரிய எழுத்தில் ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோங்கள், வாயால் சொல்லாதீர்கள். கையெழுத்து வைக்க முதல் அந்தத் துண்டையும் பதிவையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள், கணவரையும் பார்க்கச் சொல்லுங்கள், அவருடைய பெயரும் அதில்தான் இருக்கிறது.