நாலு வருஷ ஜெபத்துக்குப் பதில் எங்கே?

மேடத்துக்கு ஸ்தோத்திரம். நாங்கள் சோமனூர் பக்கம், எட்டு தறி போட்டுக் கூலிக்கு ஓட்டுகிறோம். ஒரே பையன். டிப்ளமோ முடித்து ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனவன், நாலு வருஷத்துக்கு முன்னால் அங்கேயே ஒரு பிள்ளையை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டான். அவள் வேறு ஆளுங்க, வேதக்காரப் பிள்ளையும் இல்லை. வீட்டுக்காரர் போனிலேயே, 'இனி இந்த வாசப்படி மிதிக்காதே' என்று சொல்லிவிட்டார். அதோடு சரி, அவன் வரவில்லை.

அன்றிலிருந்து விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து முழங்காலில் நிற்கிறேன். வெள்ளிக்கிழமை உபவாசம். அவன் மனசு மாறி வீடு வந்து சேரவேண்டும் என்கிற ஒரே விண்ணப்பம்தான். தினமும் வாட்ஸப்பில் ஒரு வசனம் அனுப்புகிறேன். முன்னெல்லாம் ப்ளூ டிக் விழும், ஆறு மாசமாக அதுவும் இல்லை. சபையில் சாட்சி நேரம் வந்தால் வெளியே போய்ச் செருப்பை ஒழுங்கு பண்ணுகிற மாதிரி நின்றுகொள்வேன். மூத்த அக்கா ஒருத்தர், 'உனக்கு விசுவாசம் பத்தலை அம்மிணி, அந்த விதவை விடாம கேட்டதுக்கு அநியாயக்கார நீதிபதியே எறங்கி வந்தானில்ல' என்கிறார்.

ரெண்டு மாசமாக எனக்கு ஜெபத்தில் வார்த்தையே வருவதில்லைங்க. தறிச் சத்தம்தான் காதுக்குள் ஓடுகிறது. நிறுத்திவிட்டால் பாவமா? நாளைக்குப் பதில் வருவதாக இருந்து, இன்றைக்கு நிறுத்தி நானே கெடுத்துவிட்டால்?

*

அக்கா, உங்கள் கடைசிக் கேள்வியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு தவணை தவறினால் கட்டினது மொத்தமும் போய்விடும் என்று பயந்து பயந்து சீட்டுக் கட்டுகிற மாதிரி இருக்கிறது. நாலு மணிக்கு உங்களை எழுப்புவது அந்தப் பயம்தானோ என்று தோன்றுகிறது.

லூக்கா 18-ல் வருகிற அந்த நீதிபதி தேவனுக்குப் பயப்படாதவன், மனுஷரை மதிக்காதவன். இப்படிப்பட்டவனே இறங்கினான் என்றால் தேவன் எவ்வளவு சீக்கிரம் கேட்பார் என்று இயேசு சொல்ல வருகிறார். அதைப் போய், 'நச்சரித்தால்தான் இறங்குவார்' என்று படித்தால் தேவனையே அந்த நீதிபதி ஆக்கிவிடுகிறோம். விசுவாசத்தை அளந்து பார்க்கிறவர்கள் எப்போதும் உண்டு. வேதத்தில் பிள்ளை வேண்டி அழுத அன்னாள் உதடு மட்டும் அசைய ஜெபித்தபோது, அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தது ஆசாரியனான ஏலியேதான், மூத்த அக்கா எம்மாத்திரம்!

வார்த்தை வராத நாளில் 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள். முதல் ரெண்டு வசனத்துக்குள் 'எதுவரைக்கும்' என்று நாலு தடவை கேட்டிருக்கிறது. அதை மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கலாம். ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, தறி ஓட்டுகிற வீட்டில் அது சீக்கிரமாக இருக்காது. தூக்கம் பிடிக்காமல், சோறு இறங்காமல், எதிலும் மனசு ஒட்டாமல் ரெண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போட்டால் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. இதற்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை.

கென்னத் பார்கமென்ட் என்று ஒரு அமெரிக்க உளவியலாளர். கஷ்டம் வரும்போது பக்தியுள்ளவர்கள் என்ன செய்கிறார்கள் என்று 1988-ல் அவரும் கூட இருந்தவர்களும் மூன்று விதமாகப் பிரித்தார்கள்: தானே பார்த்துக்கொள்கிறவர், கடவுள் தலையில் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர், கடவுளோடு கூட நின்று தன் பங்கையும் செய்கிறவர். இவ்வளவு உபவாசத்துக்குப் பிறகும் நீங்கள் ரெண்டாவது ஆளாகத்தான் எனக்குத் தெரிகிறீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். கடிதம் பூரா உங்கள் மருமகளுக்குப் பெயர் இல்லை. 'ஒரு பிள்ளை', 'அவள்', அவ்வளவுதான். பையன் மனசு மாறி வரவேண்டும் என்கிறீர்களே, எதிலிருந்து மாறி? தனியாகவா, அவளைக் கூட்டிக்கொண்டா? நாலு வருஷமாக அவனுக்கு வந்த வசனங்களிலும் அவன் இதைத்தான் வாசித்திருப்பான்.

பழைய காலத்துச் சபைப் பிதா அகுஸ்தீன் கதை உங்கள் சபையிலும் சொல்லியிருப்பார்கள். தாய் மோனிக்கா வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் கடற்கரையில் ஜெபித்துக்கொண்டிருந்த ராத்திரியில்தான் அவர் ஏமாற்றிவிட்டு ரோமுக்குக் கப்பலேறினார். அந்த அம்மா ஊரில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்காமல் கடல் தாண்டி மிலான் வரைக்கும் போனார். 387-ல் மகன் ஞானஸ்நானம் எடுத்ததையும் பார்த்தார். இதைக் காட்டி உங்கள் பையனும் வந்துவிடுவான் என்று வாக்குக் கொடுக்க நான் யார்? அந்த அம்மா கிளம்பிப் போனதற்காகச் சொன்னேன். (மகனுக்குப் பெண் பார்ப்பதில் அவர் பண்ணினதெல்லாம் எனக்கு உடன்பாடில்லை, அது வேறு கதை.) மத்தேயு 5-ல் காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்னாலேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இருக்கிறதே, அந்த வரிசைப்படிதான் நானும் கேட்கிறேன்.

வசனம் அனுப்புவதை இப்போதைக்கு விடுங்கள். பாவு அறுந்தது, மழை வந்தது, நீங்கள் ரெண்டு பேரும் சாப்பிட்டீர்களா, இப்படி எழுதுங்கள். வா என்று கூப்பிட வேண்டாம். வீட்டுக்காரர் இறங்கி வர நாளாகலாம், அதுவரை நீங்களும் பேசாமல் இருக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே. ஜெபமா, அது ராத்திரி படுக்கும்போது ரெண்டு நிமிஷம் போதும், அவன் பெயரோடு அவள் பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். முதல் நாள் தொண்டையில் நிற்கும், நின்றால் நிற்கட்டும்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து போன் போடுங்கள். அவன் எடுக்காமல் மருமகள் எடுத்தாலும் எடுப்பாள். பெயர் தெரியாது என்றால் இன்றைக்கே யாரிடமாவது கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.