பாறைக் குட்டைகளும் சின்னக் குழந்தைகளும்: கேள்வி பதில்

முட்டத்திலும் கன்னியாகுமரியிலும் கடல் வற்றும்போது பாறைப் பள்ளங்களில் நீர் தேங்கி நிற்கும். 4 முதல் 8 வயதுக் குழந்தைகளைப் பல ஆண்டுகளாக அங்கே அழைத்துப் போகிறேன். பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவை இவை.

காலையில் போனோம். ஒரே அலை, குட்டையே கண்ணில் படவில்லை. எப்போது போக வேண்டும்?

கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றும். இன்று வற்றிய நேரத்தைவிட நாளை சுமார் 50 நிமிடம் தாமதமாக வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் நன்றாக இறங்கும். உள்ளூர் மீனவரிடம் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். முழுதாக வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய், நீர் திரும்பத் தொடங்கியதும் கரையேறிவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பாறைகள் பக்கம் குழந்தைகளைக் கூட்டிப்போகவே வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்றில் எழும் அலை பெரியவர்களையே இழுத்துவிடும்.

என் மகனுக்கு 5 வயது. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு "ஒன்றுமே இல்லை" என்று ஓடிவிடுகிறான்.

ஒரே ஒரு குட்டையைத் தேர்ந்தெடுங்கள். நிழல் நீரில் விழாதபடி இருவரும் குந்தி உட்கார்ந்து, நூறு வரை மெதுவாக எண்ணுங்கள். முப்பது வரை எதுவும் அசையாது. பிறகு, கல் என்று நினைத்திருந்த சங்கு அரை அங்குலம் நகரும். அதன் வாயிலிருந்து இரண்டு கண்காம்புகள் எட்டிப் பார்க்கும். அதுதான் துறவி நண்டு. வயிறு மெத்தென்று இருப்பதால் செத்த நத்தையின் சங்குக்குள் குடியிருக்கிறது. உடல் வளர வளர, பெரிய சங்கு தேடி வீடு மாறும்.

அடுத்து குட்டையின் சுவரைக் காட்டுங்கள். சுண்ணாம்புப் பொட்டுகளாக ஒட்டியிருப்பவை கொட்டலசுகள். நீருக்குள் இருக்கும்போது உச்சியில் சிறு கதவு திறந்து, இறகு போன்ற கால்கள் வெளியே வந்து எதையோ அள்ளிக்கொண்டு உள்ளே போகும். கொட்டலசு இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, காலால் உணவை வாய்க்குத் தள்ளுகிறது. இதைக் கேட்ட குழந்தைகள் மணலில் மல்லாந்து படுத்துக் காலை உதைத்துப் பார்ப்பார்கள். உதைக்க விடுங்கள், அது மறக்கவே மறக்காது.

தொட விடலாமா?

நனைந்த ஒற்றை விரலால், நீருக்குள் இருக்கிறபடியே நட்சத்திர மீனின் முதுகைத் தொடலாம். கையில் தூக்கக்கூடாது. கடல் முள்ளெலியையும் கரையில் ஒதுங்கிய சொறி மீனையும் (ஜெல்லி மீன்) தொடவே கூடாது. கூம்பு வடிவச் சங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்க விடாதீர்கள். உள்ளே உயிர் இருந்தால் ஈட்டி போன்ற பல்லால் நஞ்சைச் செலுத்தும். சில இனங்கள் மனிதரையே கொன்றிருக்கின்றன. போவதற்கு முன்பே வீட்டில் படம் காட்டிப் பழக்கிவிடுங்கள்.

வகுப்புத் தொட்டியில் வைக்க ஒரு நட்சத்திர மீனும் கொஞ்சம் சங்குகளும் கொண்டுவரலாமா?

தயவுசெய்து வேண்டாம். தொட்டியில் நட்சத்திர மீன் வாடிச் சாவதைத்தான் குழந்தைகள் பார்ப்பார்கள். வெறும் சங்கு என்று நாம் எடுப்பது ஒரு துறவி நண்டின் அடுத்த வீடு. கடல் அட்டையைப் பிடிப்பது 2001 முதல் சட்டப்படி குற்றம்.

பெரிய குழந்தைகளுக்கு ஒரு கதை சொல்லுங்கள். அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் பெய்ன் 1963இல் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள மேக்கா விரிகுடாவின் பாறை ஒன்றிலிருந்து ஒரே இன நட்சத்திர மீன்களை மட்டும் அகற்றிக்கொண்டே வந்தார். அவை தின்றுவந்த சிப்பிகள் தடையின்றிப் பெருகி இடத்தை அடைத்துக்கொண்டன. அங்கிருந்த 15 வகை உயிர்கள் எட்டாகக் குறைந்தன.

நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். கடலுக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் போக முடிகிறது. வீட்டிலேயே எப்படிச் சொல்லித்தருவது?

அகலமான தட்டில் உப்புநீர் ஊற்றி மொட்டைமாடி வெயிலில் வையுங்கள். மதியம் குழந்தையை விரல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சுடும். மாலையில் நீர் குறைந்து, தட்டின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். பாறைக் குட்டைக்கும் வெயிலில் இதுதான் நடக்கிறது. "நீ இதில் ஒரு குட்டி நண்டாக இருந்தால் எங்கே போவாய்?" என்று கேளுங்கள். என்னிடம் பெரும்பாலான குழந்தைகள் "கல்லுக்கு அடியில்" என்பார்கள். அடுத்த முறை கடற்கரையில் கல்லைப் புரட்டிப் பார்த்தால், இருந்தபடியே திருப்பி வைக்க வேண்டும் என்பதை நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.