பின்னணி த்ரெட்டிலிருந்து திரையை மாற்றுவது எப்படி?

கேள்வி: ஒரு துணிக்கடைக்காக சி ஷார்ப்பில், விண்டோஸ் ஃபார்ம்ஸ் வைத்து ஸ்டாக் புரோகிராம் எழுதியிருக்கிறேன். டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8. சப்ளையர் அனுப்பும் சிஎஸ்வி ஃபைலில் சுமார் 40,000 வரிகள் இருக்கும். 'இம்போர்ட்' பட்டனை அழுத்தினால் எல்லாம் டேட்டாபேஸில் ஏறி முடியும்வரை விண்டோ உறைந்து நிற்கிறது. அதனால் வேலையைத் தனி த்ரெட்டுக்கு (புரோகிராமுக்குள் மற்றவற்றோடு இணையாக ஓடும் தனி ஓட்டம்) மாற்றினேன். இப்போது லேபிளில் எண்ணிக்கையை மாற்றும் இடத்தில் 'கிராஸ் த்ரெட் ஆபரேஷன் நாட் வேலிட்' என்று எர்ரர் வருகிறது. 'செக்ஃபார்இல்லீகல்கிராஸ்த்ரெட்கால்ஸ்' என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிடு என்றார் நண்பர். ஆக்கினேன், எர்ரர் போய்விட்டது. இப்படியே விடலாமா?

பதில்: விடாதீர்கள். அந்த ஒரு வரியை இன்றே எடுத்துவிடுங்கள். தவறு அப்படியேதான் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சொல்லும் சோதனையை மட்டும் நிறுத்தியிருக்கிறீர்கள். கடையில் கூட்டமாக இருக்கும் நேரத்தில் கிரிட் (திரையில் இருக்கும் அட்டவணை) பாதி வரைந்தபடி நிற்கும், லேபிள் பழைய எண்ணையே காட்டும், எப்போதாவது புரோகிராமே விழுந்துவிடும். உங்கள் மேசையில் உட்கார்ந்து அதைத் திரும்ப வரவழைத்துப் பார்க்கவும் முடியாது.

அந்தச் சோதனையைப் பற்றிப் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. இயல்பு நிலையில் அது டீபக்கர் (தவறு தேட உதவும் கருவி) இணைந்திருக்கும்போது மட்டும்தான் வேலை செய்யும். விஷுவல் ஸ்டுடியோவில் எஃப்5 அழுத்தி ஓட்டினால் எர்ரர் வரும். அதே புரோகிராமை நேரடியாக டபுள் கிளிக் செய்து திறந்தால் வராது. அதனால் கடையில் எர்ரர் இல்லாமல் ஓடுகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 2005இல் வந்த டாட்நெட் 2.0இல்தான் இந்தச் சோதனையைச் சேர்த்தார்கள். அதற்கு முன்பும் இதே தவறுகள் நடந்துகொண்டுதான் இருந்தன, யாரும் எச்சரிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஒரு கட்டுப்பாடு? விண்டோஸில் ஒவ்வொரு விண்டோவும் அதை உருவாக்கிய த்ரெட்டுக்கே சொந்தம். மவுஸ் கிளிக், கீபோர்டு, 'உன்னை மறுபடி வரைந்துகொள்' என்ற கட்டளை எல்லாம் அந்த த்ரெட்டின் மெசேஜ் க்யூவுக்குத்தான் (செய்திகள் காத்திருக்கும் வரிசை) போகும். புரோகிராம் தொடங்கும் இடமான உங்கள் மெயினில் இருக்கும் அப்ளிகேஷன்.ரன் என்ற வரி ஒரு முடிவில்லாத சுற்றைத் தொடங்கி வைக்கிறது: க்யூவிலிருந்து ஒரு மெசேஜை எடு, உரிய கண்ட்ரோலிடம் (பட்டன், லேபிள் போன்ற திரை உறுப்பு) கொடு, அடுத்ததை எடு. உங்கள் பட்டனின் கிளிக் ஹேண்ட்லர் (அழுத்தினால் ஓடும் கோடு) ஓடுவதும் இந்தச் சுற்றுக்குள்தான். ஹேண்ட்லருக்குள்ளேயே 40,000 வரிகளை ஏற்றினால் அது முடியும்வரை சுற்று நகராது. சுமார் 5 விநாடி ஒரு விண்டோ மெசேஜ் எதையும் எடுக்காமல் இருந்தால் விண்டோஸ் அதை உறைந்துபோனதாகக் கணக்கிட்டு, அதன் இடத்தில் வெளிறிய ஒரு போலி விண்டோவை நிறுத்தி, 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதிவிடுகிறது. நீங்கள் முதலில் பார்த்தது அதுதான்.

சரி, லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் நுழையும்படி போடும் பூட்டு) போட்டு எல்லா த்ரெட்டுக்கும் திரையைத் திறந்துவிட்டிருக்கலாமே என்று தோன்றும். முயன்றிருக்கிறார்கள். ஜாவாவில் திரை வரையும் கருவித்தொகுப்பான ஏடபிள்யூடி ஆரம்பத்தில் அந்த எண்ணத்தோடுதான் வந்தது. அது ஏன் சரிப்படவில்லை என்பதை சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜாவாவை வழிநடத்தியவர்களில் ஒருவரான கிரஹாம் ஹாமில்டன் 2004இல் விளக்கினார். பயனர் செய்யும் கிளிக் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் தொடங்கி, கண்ட்ரோல் வழியாக உங்கள் கோடுக்கு மேலேறி வருகிறது. உங்கள் கோடு திரையை மாற்றச் சொல்வதோ மேலிருந்து கீழே இறங்குகிறது. இரண்டு பக்கமும் வழியில் லாக் போட்டுக்கொண்டே வந்தால், எதிரெதிர் வரிசையில் லாக் பிடித்து நடுவில் முட்டிக்கொண்டு இரண்டும் நகராமல் நிற்கும்; இதுதான் டெட்லாக். அதனால்தான் ஸ்விங், ஜாவாஎஃப்எக்ஸ், டபிள்யூபிஎஃப், க்யூடி, ஜிடிகே, மேக்கின் கோகோ என்று எந்தத் திரைக் கருவித்தொகுப்பை எடுத்தாலும் திரை ஒரே த்ரெட்டின் பொறுப்பில் இருக்கிறது.

ஆக, பின்னணி த்ரெட் தானே லேபிளைத் தொடக்கூடாது. 'இந்த வேலையைச் செய்துவிடு' என்று யுஐ த்ரெட்டின் (திரைக்குப் பொறுப்பான த்ரெட்) க்யூவில் ஒரு வேண்டுகோளைப் போட வேண்டும். விண்டோஸ் ஃபார்ம்ஸில் அதற்கான அடிப்படைக் கருவிகள் இன்வோக், பிகின்இன்வோக் இரண்டும். இன்வோக், வேலை முடியும்வரை பின்னணி த்ரெட்டைக் காத்திருக்க வைக்கும். பிகின்இன்வோக், சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடும். எண்ணிக்கை காட்டுவது போன்ற காரியத்துக்குக் காத்திருக்க அவசியமே இல்லை.

ஆனால் உங்கள் வேலைக்கு இந்த இரண்டையும் நேரடியாகத் தொட வேண்டியதில்லை என்பேன். 4.8 வைத்திருக்கிறீர்கள், த்ரெட்டை நிறுத்தி வைக்காமல் காத்திருக்க உதவும் அசிங்க், அவெய்ட் இரண்டும் 2012இல் டாட்நெட் 4.5இலேயே வந்துவிட்டன. கிளிக் ஹேண்ட்லரை அசிங்க் ஆக்குங்கள். முதல் வரியில் இம்போர்ட் பட்டனை டிசேபிள் செய்யுங்கள், இல்லாவிட்டால் பொறுமையில்லாதவர் இரண்டாம் முறை அழுத்துவார். அடுத்து ப்ராக்ரஸ் என்ற கிளாஸில் ஒரு ஆப்ஜெக்ட் உருவாக்கி, எண் வந்தால் லேபிளை எப்படி மாற்ற வேண்டும் என்பதை அதற்குள் கொடுங்கள். பிறகு, ஃபைலைப் படித்து ஏற்றும் வேலை முழுவதையும், பின்னணி த்ரெட்டில் ஓட்டும் டாஸ்க்.ரன்னுக்குள் வைத்து, அதை அவெய்ட் செய்யுங்கள். உள்ளே இருக்கும் கோடு திரையைப் பற்றி எதுவுமே தெரியாமல், ப்ராக்ரஸின் ரிப்போர்ட் என்ற மெத்தடை மட்டும் அழைக்கும். அவெய்ட்டுக்கு அடுத்த வரி தானாகவே யுஐ த்ரெட்டில் தொடரும் என்பதால் அங்கே லேபிளையோ கிரிட்டையோ தாராளமாக மாற்றலாம். பட்டனைத் திரும்ப எனேபிள் செய்யும் வரியை ஃபைனலியில் (தவறு வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் பகுதி) வையுங்கள். டாஸ்க்கின் உள்ளே எக்ஸெப்ஷன் (ஓடும்போது எழும் எர்ரர்) வந்தால் அது அவெய்ட் இருக்கும் இடத்தில் வந்து நிற்கும். வழக்கமான ட்ரை கேட்ச் போதும். நீங்கள் இப்போது வைத்திருக்கும் தனி த்ரெட்டில் பிடிபடாத எக்ஸெப்ஷன் வந்தால் புரோகிராமே மூடிவிடும்.

இதில் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. ப்ராக்ரஸ் ஆப்ஜெக்ட், தான் உருவாகும்போது எந்த த்ரெட்டின் சூழலில் இருக்கிறதோ அதைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். அதை டாஸ்க்.ரன்னுக்கு உள்ளே உருவாக்கினால் பழைய எர்ரர் அப்படியே திரும்பி வரும். வெளியே, ஹேண்ட்லரிலேயே உருவாக்குங்கள். அதேபோல ஹேண்ட்லரில் இருக்கும் அவெய்ட்டோடு கன்ஃபிகர்அவெய்ட் ஃபால்ஸ் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அடுத்த வரி யுஐ த்ரெட்டுக்குத் திரும்பாது.

அடுத்தது, ஒவ்வொரு வரிக்கும் ரிப்போர்ட் செய்வது. எல்லாவற்றையும் சரியாக எழுதியும் விண்டோ உறைகிறதே என்று குழம்புபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டியிருப்பார்கள். விண்டோஸ் க்யூவில் இப்படிப் போடப்படும் மெசேஜ்களுக்கு மவுஸ், கீபோர்டை விட முன்னுரிமை. திரையை வரையச் சொல்லும் மெசேஜ் இவை எல்லாவற்றுக்கும் பின்னால்தான் வரும். பின்னணி த்ரெட் 40,000 வேண்டுகோள்களை மளமளவென்று கொட்டினால், யுஐ த்ரெட் அவற்றையே எடுத்துக்கொண்டிருக்கும். கிளிக்கும் போய்ச் சேராது, லேபிளும் மறுபடி வரையப்படாது. ஒரு ஸ்டாப்வாட்ச் வைத்து 100 மில்லிவிநாடிக்கு ஒரு முறை ரிப்போர்ட் செய்யுங்கள். விநாடிக்குப் பத்து முறை மாறும் எண்ணை விட வேகமாக யாரும் படிக்கப் போவதில்லை. கடைசி எண்ணை மட்டும் மறக்காமல் தனியாக அனுப்பிவிடுங்கள், இல்லையென்றால் முடிந்த பிறகும் 39,870 என்று நிற்கும்.

கிரிட்டோடு பைண்ட் செய்த (தானாகவே அதில் தெரியும்படி இணைத்த) டேட்டாடேபிளிலோ பைண்டிங்லிஸ்டிலோ பின்னணியிலிருந்து வரிகளைச் சேர்த்துவிடாதீர்கள். கோடில் எந்தக் கண்ட்ரோலையும் நீங்கள் தொட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் 'பட்டியல் மாறியது' என்ற ஈவென்ட் அதே பின்னணி த்ரெட்டில் கிளம்பி கிரிட்டைத் தொட்டுவிடும். பின்னணியில் தனிப் பட்டியலாகச் சேர்த்து, அவெய்ட்டுக்குப் பிறகு மொத்தமாக கிரிட்டிடம் கொடுங்கள்.

அப்புறம், யுஐ த்ரெட்டில் டாஸ்க்.ரிசல்ட், வெயிட், ஜாயின் எதையும் எழுதாதீர்கள். யுஐ த்ரெட் டாஸ்க் முடியட்டும் என்று நிற்கும். டாஸ்க் தன் மிச்ச வேலைக்கு யுஐ த்ரெட் வரட்டும் என்று நிற்கும். இரண்டும் நகராது. அப்ளிகேஷன்.டூஈவென்ட்ஸ் என்ற குறுக்கு வழியையும் யாராவது சொல்வார்கள். அது பாதி வேலையின் நடுவே அடுத்த கிளிக்கை உள்ளே விடும். ஸ்டாக் இரண்டு முறை ஏறிவிட்டது என்று கடையிலிருந்து போன் வரும்.

பழைய கோடில் இன்வோக்ரிக்வயர்ட் என்று கேட்டுப் பார்த்துவிட்டு இன்வோக் செய்யும் வழக்கம் நிறைய இருக்கிறது. தவறில்லை, ஆனால் கண்ட்ரோலின் ஹேண்டில் (விண்டோஸ் அதற்குத் தரும் அடையாள எண்) இன்னும் உருவாகாத நேரத்தில் அது ஃபால்ஸ் என்று சொல்லிவிடலாம். எனவே ஃபார்மின் கன்ஸ்ட்ரக்டரிலிருந்து பின்னணி வேலையைத் தொடங்காதீர்கள். ஷோன் ஈவென்ட்டில் தொடங்குங்கள்.

இம்போர்ட் நடக்கும்போது ஒருவர் விண்டோவை மூடினால்? வேலையை நிறுத்தும்படி டோக்கன் வழியாகச் சொல்ல உதவும் கேன்சலேஷன்டோக்கன்சோர்ஸ் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்ம்க்ளோசிங்கில், வேலை ஓடிக்கொண்டிருந்தால் மூடுவதைத் தடுத்து, கேன்சல் சொல்லி, டாஸ்க் முடிந்ததும் நீங்களே மூடுங்கள். உள்ளே இருக்கும் லூப் சில நூறு வரிகளுக்கு ஒரு முறை டோக்கனைப் பார்த்தால் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்று: ஒவ்வொரு வரியையும் தனித்தனி டிரான்ஸாக்ஷனாக (டேட்டாபேஸ் ஒன்றாகச் சேர்த்துப் பதியும் தொகுதி) ஏற்றுகிறீர்களா என்று பாருங்கள். அப்படியென்றால் எல்லாவற்றையும் ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் கொண்டுவாருங்கள். எஸ்க்யூஎல் சர்வராக இருந்தால் மொத்தமாக ஏற்ற எஸ்க்யூஎல்பல்க்காப்பி இருக்கிறது. இம்போர்ட் நேரமே வெகுவாகக் குறையும், பாதியில் நின்றால் ரோல்பேக் செய்யவும் (ஏற்றியதைத் திரும்ப நீக்கவும்) வழி இருக்கும்.

மற்ற மொழிகளில் எழுதும் வாசகர்களுக்கு: ஸ்விங்கில் இன்வோக்லேட்டர், ஜாவாஎஃப்எக்ஸில் பிளாட்ஃபார்ம்.ரன்லேட்டர், டபிள்யூபிஎஃப்பில் டிஸ்பாட்சர். க்யூடியில் த்ரெட் தாண்டிப் போகும் சிக்னல் இயல்பாகவே க்யூவில் சேர்ந்துவிடும். பைத்தானின் டிகின்டரில், பின்னணி த்ரெட் ஒரு க்யூவில் போட, யுஐ பக்கம் ஆஃப்டர் மெத்தடால் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பது பாதுகாப்பான வழி.

மாற்றி எழுதி முடித்ததும், நண்பர் சொன்ன அந்த வரியை மெயினின் தொடக்கத்தில் ட்ரூ என்று வைத்து ஒரு பில்டு எடுங்கள். டீபக்கர் இல்லாமலும் சோதனை இயங்கும். கடைக்குக் கொடுக்கும் முன் அதில் பெரிய ஃபைல் ஒன்றை ஏற்றி, நடுவே விண்டோவை இழுத்து, மினிமைஸ் செய்து, மூடிப் பாருங்கள். ஏதாவது ஓரிடம் தப்பியிருந்தால், அந்த இடம் உங்கள் மேசையிலேயே எர்ரராக வந்து நிற்க வாய்ப்பு மிக அதிகம்.