பழைய ஃப்ளாட், புது பெயின்ட்: அட்வான்ஸுக்கு முன் என்ன பார்ப்பது?

கேள்வி: மடிப்பாக்கத்தில் 18 வருடப் பழைய ஃப்ளாட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். 850 சதுர அடி, இரண்டு பெட்ரூம், கடைசி மாடி. உள்ளே புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பேங்க் இன்ஜினியர் வந்து பார்த்து, லோனும் சாங்ஷன் ஆகிவிட்டது. "பேங்க்கே பார்த்தாச்சு, இன்னொரு ஆளை வைத்துப் பார்ப்பது வீண் செலவு" என்கிறார் புரோக்கர். அப்படித்தானா? ரிப்பேர் வந்தால் எவ்வளவு ஆகும்?
(நங்கநல்லூர் வாசகி)

பதில்: பேங்க் அனுப்பும் இன்ஜினியர் பேங்க்குக்காகப் பார்க்கிறார். கொடுக்கிற கடனுக்கு வீடு ஈடாகுமா, அப்ரூவல் பிளானும் கட்டடமும் ஒத்துப்போகிறதா, அந்தத் தெருவில் சதுர அடி என்ன விலை போகிறது, இவைதான் அவர் கணக்கு. பாத்ரூம் குழாய் ஒழுகுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. அதனால் உங்களுக்காக ஒரு சிவில் இன்ஜினியரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அந்தச் செலவு சில ஆயிரங்களில் முடிந்துவிடும்.

அதற்கு முன் நீங்களே ஒருமுறை போய் வாருங்கள். வீட்டுக்குள் போகாமல் முதலில் கீழே கார் பார்க்கிங்கில் நின்று அண்ணாந்து பாருங்கள். விற்பதற்காக வீட்டுக்குள் பெயின்ட் அடிப்பவர்கள் பார்க்கிங் சீலிங்கைத் தொடுவதில்லை, அதனால் கட்டடத்தின் உண்மையான வயது அங்கேதான் தெரியும். பீமின் அடியில் நீளவாக்கில் விரிசல், பழுப்புக் கறை, சிமென்ட் பெயர்ந்து கம்பி வெளியே தெரிவது, இதில் எது இருந்தாலும் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். துரு ஏறிய கம்பி பருத்து, மேலே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோர ஏரியாக்களில் உப்புக் காற்றால் இது சீக்கிரமே வரும். ஓரிரு இடம் என்றால் பெயர்த்து, துருவைத் தேய்த்து, ரசாயனம் பூசி, புதுக் கலவை வைத்துச் சரிசெய்யலாம். சதுர அடிக்குச் சில நூறு ரூபாய் ஆகும். தூண்களிலும் பல பீம்களிலும் இருந்தால் பேரம் பேசவே வேண்டாம், வேறு வீடு பாருங்கள். அது ஒரு வீட்டுக்காரர் தனியாகச் சரிசெய்யக்கூடிய விஷயம் இல்லை.

கடைசி மாடி என்பதால் அடுத்து மொட்டை மாடி. தட்டோடுகளுக்கு நடுவே இருக்கும் பூச்சு போயிருக்கிறதா, மழைநீர்க் குழாயின் வாயருகே தண்ணீர் தேங்கிய கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு காசை எடுத்துத் தட்டோட்டின் மேல் தட்டினால், அடியில் பிடிப்பு விட்டிருக்கும் இடத்தில் பொள்ளல் சத்தம் கேட்கும். மேலே வாட்டர்புரூஃப் பூச்சு மட்டும் போதுமென்றால் சதுர அடிக்கு 40 முதல் 80 ரூபாய் வரை கேட்கிறார்கள். ஆனால் சில வருடங்களில் மறுபடி அடிக்க வேண்டும். தட்டோடுகளைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டால் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகும். மொட்டை மாடி பொது என்பதால் செலவும் எல்லா வீட்டுக்கும் பொது. கடைசி மாடி நனைந்தால் நமக்கென்ன என்று கீழ் வீட்டார் இருக்கும் அசோசியேஷனும் உண்டு. செயலாளரிடம் பேசி, கணக்கில் பணம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள் பெயின்ட் மறைக்காத இடங்களைப் பாருங்கள்: பரண் உள்பக்கம், கிச்சன் சிங்க் அடி, பாத்ரூம் சுவரை ஒட்டிய அலமாரியின் பின்பக்கம். அங்கே சுவர் உப்புப் பூத்திருந்தால் குழாயோ தரையோ கசிகிறது. டைல்ஸ் இடைவெளியை அடைப்பதோடு போகும் கசிவு என்றால் 10 ஆயிரம் சொச்சம். தரையை உடைத்து, குழாய் மாற்றி, புது டைல்ஸ் போட்டால் ஒரு பாத்ரூமுக்கே ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் போய்விடும். பாத்ரூம் கதவு நிலையின் அடிப்பகுதியை விரலால் அழுத்துங்கள். பொதபொதவென்று உள்ளே போனால் ஈரம் அரித்திருக்கிறது, மண் கோடு தெரிந்தால் கரையான். கரையான் மருந்துக்கு இந்த அளவு வீட்டுக்கு 10 ஆயிரத்தை ஒட்டி வரும்.

மெயின் போர்டைத் திறந்து, ஷாக் அடித்தால் கரண்ட்டை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சில ஆயிரம் ரூபாயில் முடியும் வேலை, உயிர் சம்பந்தப்பட்டது, குடிபோவதற்கு முன்பே செய்துவிடுங்கள். முழு வயரிங்கும் மாற்ற வேண்டும் என்றால் ஒன்றிலிருந்து இரண்டு லட்சம் வரை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மடிப்பாக்கம் என்பதால் தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் கேளுங்கள்: 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இங்கே தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது? தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்ப்புக்குள் சாக்கடை கலந்ததா, லிஃப்ட் குழியில் நீர் ஏறியதா, ஈபி மீட்டரை அப்புறம் உயர்த்தி வைத்தார்களா? கடைசி மாடியில் இருந்தாலும் குடிக்கிற தண்ணீர் கீழே சம்ப்பிலிருந்துதான் வருகிறது.

இன்ஜினியர் எழுதித் தரும் தொகையை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே விலையில் குறைக்கச் சொல்லுங்கள். முத்திரைத்தாள், பதிவு என்று 9 சதவீதம் ஏற்கெனவே உங்கள் தலையில்தான்.

கேள்வி: மூன்று வருடம் முன்பு பில்டரிடம் நேரடியாக வாங்கிய புது ஃப்ளாட். ஹால் சுவரில் கசிவு. "ஒரு வருட வாரன்ட்டி முடிந்தது, அதுவும் இது ஸ்ட்ரக்சுரல் பிரச்சினை இல்லை" என்கிறார் பில்டர்.
(போரூர் வாசகர்)

பதில்: அவர் சொல்வது சட்டத்தில் நிற்காது. ரெரா எனப்படும் 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவு, சாவி கொடுத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் சொல்லப்படும் குறைகளை 30 நாளில், கூடுதல் காசு வாங்காமல் பில்டர் சரிசெய்ய வேண்டும் என்கிறது. கட்டமைப்புக் குறை மட்டும் இல்லை, வேலைத் தரக் குறைவும் அதில் வருகிறது. போட்டோ எடுத்து, தேதி போட்டு, மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். வாயால் சொன்னது போதாது. 30 நாளில் செய்யாவிட்டால் அந்தச் சட்டத்தின்படி இயங்கும் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அதுவரை அந்தச் சுவருக்குப் பட்டியோ பெயின்ட்டோ அடித்து மறைத்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி.

கேள்வி: மேல் வீட்டு பாத்ரூமிலிருந்து எங்கள் சீலிங்கில் சொட்டுகிறது. அவர்கள் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள்.
(பெரம்பூர் வாசகி)

பதில்: சண்டைக்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். மேல் வீட்டில் யாரும் பாத்ரூமைப் பயன்படுத்தாதபோதும் சொட்டிக்கொண்டே இருந்தால், எப்போதும் தண்ணீர் நிற்கும் குழாயில் கசிவு. குளித்தால் மட்டும் சொட்டினால் தரையோ கழிவுநீர்க் குழாயோதான். தரையில் துவாரத்தை அடைத்து, கலர்ப் பொடி கரைத்த தண்ணீரைக் கட்டி ஒரு நாள் விட்டால், அதே நிறம் உங்கள் சீலிங்கில் இறங்குகிறதா என்று இரு வீட்டாரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். அவர்கள் பாத்ரூமுக்குள் இருக்கும் கோளாறு என்றால் செலவு அவர்களுடையது, எல்லா வீட்டுக்கும் பொதுவாக இறங்கும் குழாய் என்றால் அசோசியேஷனுடையது. அசோசியேஷன் செயலாளரையும் ஒரு பிளம்பரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.