அணிக்கோவை பூச்சியமாகும்போது

கேள்வி: ஒரு சதுர அணியின் (எண்களை நிரை நிரலாக அடுக்கிய சதுரக் கட்டத்தின்) அணிக்கோவை பூச்சியமானால், அதன் செயலைத் திருப்பும் நேர்மாறு அணி இல்லை என்று படித்தோம். நேர்மாறுக்கான சூத்திரத்தில் அணிக்கோவையால் வகுக்க வேண்டும், பூச்சியத்தால் வகுக்க முடியாது என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா? அணிக்கோவை பூச்சியத்துக்கு மிக அருகில் இருந்தால் அந்த அணியை நம்பிக் கணக்கிடலாமா?

பதில்: உண்டு, சூத்திரத்தை விட அந்தக் காரணமே அடிப்படையானது. இரு நிரைகளும் இரு நிரல்களும் கொண்ட அணி, தளத்தின் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு புள்ளிக்கு அனுப்புகிறது: ஒவ்வொரு நிரையின் எண்களையும் புள்ளியின் ஆயங்களோடு முறையே பெருக்கிக் கூட்டினால் புதிய ஆயங்கள் கிடைக்கும். நிரைகள் (3, 1), (1, 2) எனில் அணிக்கோவை 3×2 − 1×1 = 5. ஓரலகுச் சதுரத்தை இந்த அணி ஓர் இணைகரமாக மாற்றும். அதன் பரப்பு சரியாக 5 சதுர அலகு. எந்த உருவத்தை எடுத்துக்கொண்டாலும் பரப்பு ஐந்து மடங்காகும். அணிக்கோவை குறை எண்ணாக இருந்தால், உருவம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கிறது என்று பொருள். முப்பரிமாணத்தில் பரப்புக்குப் பதில் கன அளவு வரும்.

இனி, நிரைகள் (1, 2), (2, 4) என்று கொள்வோம். அணிக்கோவை 4 − 4 = 0. தளம் முழுவதும் ஆதி வழியே செல்லும் ஒரே நேர்கோட்டின் மேல் படிந்துவிடுகிறது. (2, −1) என்ற புள்ளியும் ஆதியும் ஆதிக்கே போய்ச் சேருகின்றன. வந்த இடத்தை மட்டும் பார்த்துப் புறப்பட்ட இடத்தைச் சொல்ல இயலாதபோது, திரும்பிப் போகும் வழியாகிய நேர்மாறு எப்படி இருக்க முடியும்? இரு அணிகளின் பெருக்கலின் அணிக்கோவை அவற்றின் அணிக்கோவைகளின் பெருக்கலே என்று கோஷி 1812இல் நிறுவிய தேற்றமும் இதையே காட்டுகிறது: அணியையும் நேர்மாறையும் பெருக்கினால் எதையும் மாற்றாத அணி வருவதால், அவற்றின் அணிக்கோவைகளைப் பெருக்கினால் 1 வர வேண்டும், அவற்றுள் ஒன்று பூச்சியமானால் வராது.

உங்கள் இரண்டாம் கேள்வியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். முதன்மை மூலைவிட்டத்தில் பத்து முறை 0.1, மற்ற இடங்களில் பூச்சியம் உள்ள அணியின் அணிக்கோவை ஆயிரம் கோடியில் ஒரு பங்கு; ஆனாலும் அதன் நேர்மாறு, மூலைவிட்டத்தில் 10 என்ற எண் நிற்கும் அணி, அவ்வளவே. மாறாக, நிரைகள் (100, 100), (100, 100.01) கொண்ட அணியின் அணிக்கோவை 1. இந்த நிரைகளைக் கெழுக்களாகக் கொண்ட இரு சமன்பாடுகளின் வலப்பக்கம் 200, 200 எனில் தீர்வு (2, 0), 200, 200.01 எனில் தீர்வு (1, 1). வலப்பக்கத்தில் இவ்வளவு சிறிய மாற்றம் தீர்வையே புரட்டிப்போடுகிறது!

ஆகவே நம்பகத்தை அளக்க அணிக்கோவையின் மதிப்பு உதவாது. ஒவ்வொரு நிரையிலும் உள்ள எண்களைக் குறி நீக்கிக் கூட்டி, அக்கூட்டல்களில் பெரியதை எடுங்கள். நேர்மாறுக்கும் அவ்வாறே செய்து, இரண்டையும் பெருக்குங்கள். 0.1 கொண்ட அணிக்கு விடை 1, 100.01 கொண்ட அணிக்கு ஏறத்தாழ 40,000. வலப்பக்கத்தில் நேரும் பிழையின் விகிதம் தீர்வில் அதிகபட்சம் எத்தனை மடங்காகப் பெருகக்கூடும் என்பதை அந்த எண் சொல்கிறது.